கிளாஸ்பாத் போட்டா ஜேவிஎம் எழவே மாட்டேங்குது, அவசர உதவி

புதுநிரலன்:
வணக்கம். ரெண்டு நாளா மண்டை காயுது. குனு கிளாஸ்பாத் (ஜாவாவோட அடிப்படை லைப்ரரிக்குக் கட்டற்ற மாற்று) கம்பைல் பண்ணேன், ஒரு எர்ரரும் வரல. ஜேவிஎம்-ல (ஜாவா நிரலை ஓட்டுற மெய்நிகர் இயந்திரம், சுருக்கமா விஎம்) சேர்த்து ஓட்டினா மெயினுக்கு வர்றதுக்குள்ளயே விழுந்துடுது. "இன்வேலிட் லேஅவுட்"னு ஏதோ வருது. வெறும் ஹலோ வேர்ல்டுதான். யாராவது சொல்லுங்க.

பைட்பாண்டி:
எந்த ஜேவிஎம்? எந்த வெர்ஷன்? சேர்த்தேன்னா எப்படி? முழு எர்ரரையும் போடுங்க.

மின்மினி:
32 பிட், 64 பிட் குழப்பம்தான். எனக்கும் இதே மாதிரி ஆச்சு.

நள்ளிரவு:
இல்ல, கிளாஸ் ஃபைல் வெர்ஷன். பழசு புதுசுல ஓடாது.

பைட்பாண்டி:
@நள்ளிரவு தலைகீழா சொல்றீங்க. பழைய கிளாஸ் ஃபைல் புது விஎம்-ல ஓடும். புதுசு பழசுல போனாத்தான் உதைக்கும்.

புதுநிரலன்:
சாரி, சொல்ல மறந்துட்டேன். ஓப்பன்ஜேடிகே 8, அதோட வர்ற ஹாட்ஸ்பாட் விஎம். பூட்கிளாஸ்பாத்/பி-ல (இதை முதல்ல தேடுன்னு விஎம்-முக்குச் சொல்ற ஆப்ஷன்) கிளாஸ்பாத்தோட ஜிலிப்ஜே.ஜிப்பைக் குடுத்தேன்.

நள்ளிரவு:
கிளாஸ் ஃபைலைச் சரிபார்க்கிற வெரிஃபையை ஆஃப் பண்ணிப் பாருங்க.

பெருங்காயம்:
தலைவலிக்கு முழங்கால்ல பத்து. இதையெல்லாம் போன தலைமுறையே பேசி முடிச்சாச்சு, தேடிப் பார்த்துட்டுக் கேட்கிற பழக்கமே இப்ப யாருக்கும் இல்ல.

தம்பி, ஜாவா விவரக்குறிப்பு வெளியில தெரியுற ஏபிஐ-யை, அதாவது நிரல் கூப்பிடுற கிளாஸ், மெத்தடுகளைத்தான் சொல்லுது. லைப்ரரியும் விஎம்-மும் உள்ளுக்குள்ள எப்படிப் பேசிக்கணும்னு அதுல கிடையாது. ஹாட்ஸ்பாட் த்ரெட் கிளாஸைத் திறந்ததும் "ஈடாப்"னு ஒரு ஃபீல்டைத் தேடும். நேட்டிவ் த்ரெட்டோட முகவரி அதுலதான் இருக்கும். கிளாஸ்பாத்ல அது இல்ல, அங்க விஎம்த்ரெட்னு தனி ஆப்ஜெக்ட். விஎம்கிளாஸ், விஎம்சிஸ்டம் எல்லாம் அதே கதைதான். அந்தந்த விஎம் தன்னோட பிரதியைத் தானே கொண்டுவரணும். ஹாட்ஸ்பாட் கொண்டுவராது. கிளாஸ்பாத்தோட ஓடுற ஜாம்விஎம்-னு ஒரு விஎம் எடுத்து, கன்ஃபிகர்ல கிளாஸ்பாத் இருக்கிற இடத்தைக் குடுத்துக் கட்டுங்க.

மின்மினி:
இதுக்குத்தான் அப்பாச்சியோட இன்னொரு கட்டற்ற ஜாவா, ஹார்மனியே நல்லா இருந்துச்சு. விஎம்-முக்கும் லைப்ரரிக்கும் நடுவுல எல்லையை ஒழுங்கா வரையறுத்து வச்சாங்க.

பெருங்காயம்:
வரையறுத்து என்ன பண்ண? 2011-ல மூடியாச்சு.

மின்மினி:
மூடின பிறகும் ஆண்ட்ராய்டு அதோட கோடை வச்சுத்தானே ஓடுச்சு? 7.0-லதான் ஓப்பன்ஜேடிகே-க்கு மாறினாங்க.

பெருங்காயம்:
அது லைசென்ஸ் கதை. தொழில்நுட்பத்தோட போட்டுக் குழப்பாதீங்க.

மின்மினி:
லைசென்ஸை ஒதுக்கிட்டா குனு கிளாஸ்பாத்னு ஒண்ணு எதுக்குப் பிறந்துச்சாம்?

பைட்பாண்டி:
அண்ணன்மாரே, இழை அவருடையது. @புதுநிரலன், இன்னொண்ணு. கடைசியா வந்த கிளாஸ்பாத் 0.99, அது 2012. உங்க நிரல்ல ஸ்ட்ரீம், லாம்டா ஏதாவது இருந்தா ஜாம்விஎம்-லயும் வேலைக்கு ஆகாது. பூட்கிளாஸ்பாத்தைக் கையால குடுக்கிறதா இருந்தா, ஜாம்விஎம்-மோட கிளாஸஸ்.ஜிப் முன்னாடி, ஜிலிப்ஜே பின்னாடி. மாறிப்போனா விஎம்-மோட கிளாஸ்களுக்குப் பதிலா வேற பிரதி ஏறிடும்.

புதுநிரலன்:
ஓடிடுச்சு!! வரிசைதான் தப்பு. நன்றி பாண்டி அண்ணா, பெருங்காயம் சார்.

நள்ளிரவு:
ஜாம்விஎம்-ல தானே? எந்த வெர்ஷன்? கட்டின கமாண்டை அப்படியே போடுங்களேன், எனக்கும் அதே தேவை இருக்கு.

நள்ளிரவு:
@புதுநிரலன் இருக்கீங்களா?