பழவேற்காடு போய் வந்தவர்களே, மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

புழுதிச்சாலை:
டச்சுக் கல்லறைக்குப் போயிருந்தோம். அந்த எலும்புக்கூடு வாசலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நண்பன் கல் எலும்புக்கூட்டின் தோளில் கை போடுகிற மாதிரி நின்றான், நான் க்ளிக் பண்ணிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் போன ஒரு பையன், எட்டு வயசு இருக்கும், ஒரு காலை ஊன்றி நின்றான்.
"அண்ணா, இவங்க உங்க சொந்தக்காரங்களா?"
"இல்லப்பா."
"அப்ப எதுக்கு வந்தீங்க?"
பதில் யோசிப்பதற்குள் மிதித்துக்கொண்டு போய்விட்டான். மூன்று வருஷமாக யோசிக்கிறேன்.

பினாங்குப் பேரன்:
நான் போனது லுங்கிக்காக. எங்கள் தாத்தா கட்டியது 'காயின் பெலிக்கட்'. கட்டம் போட்ட சாரத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர். பெலிக்கட் என்றால் பழவேற்காடுதான், வெள்ளைக்காரன் வாயில் புலிக்காட் ஆனது மாதிரி. இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணி, ஊர்ப் பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விட்டது.
கடைத்தெருவில் ஒரு பாயிடம் பழவேற்காட்டு லுங்கி கேட்டேன். "லுங்கி இருக்கு. அது என்ன தம்பி பழவேற்காட்டு லுங்கி?" என்றார். கதையைச் சொன்னேன். டீ வரவழைத்து முழுசாகக் கேட்டார். கடைசியில் அவர் எடுத்துப் போட்டதில் ஈரோட்டு லேபிள். வாங்கிக்கொண்டேன். அப்பாவிடம் கொடுப்பதற்கு முன்னால் லேபிளைக் கிழித்துவிட்டேன். இன்றுவரை அவர் அது பழவேற்காட்டில் நெய்தது என்றே எல்லோரிடமும் காட்டுகிறார்.

முகத்துவாரம்:
புழுதிச்சாலை, பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். போகிறவர்கள் எல்லாம் ஒல்லாந்தன் கல்லறையிலேயே நின்றுவிடுகிறீர்கள். 1613இல் அவன் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்றைக்கு முள்ளுப் புதர். பினாங்குக்காரரே, அந்தத் துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. நம் ஆட்களையும் அடிமைகளாக ஏற்றி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். அவர்களுக்கு எந்தக் கல்லில் முத்திரை செதுக்கியிருக்கிறது?
சரி, என் கதை. ஏரிக்கரையில் ஒருவர் பீடி பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் நாலைந்து பேர் இறால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். "நீங்க போகலையாண்ணே?" என்றேன். "இன்னிக்கு எங்க பாடு இல்ல." அவ்வளவுதான் சொன்னார். பாடு என்றால் முறை. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊரே பேசி வைத்திருக்கிறது. கண்ணெதிரே மீன் துள்ளுகிறது, மனுஷன் அசையவில்லை. நான் சிக்னலில் பத்து விநாடி நிற்க முடியாதவன்.

ரிட்டையர்டு கார்டு:
எல்லோரும் சோகத்தையே எழுதினால் போகிறவர்களுக்கு என்ன உபயோகம்? நான் போனபோது நடந்தது ஒன்றுதான்: என் மனைவியின் செருப்பு சேற்றில் போனது. ஆகவே கவனியுங்கள். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பஸ். காரில் போனாலும் விடிகாலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் மணலில் நடக்க முடியாது. பூநாரை பார்க்க வேண்டுமானால் குளிர்காலம்தான், அதுவும் பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் வெள்ளைக் கோடுதான் தெரியும். ஆந்திரா பக்கம் சூலூர்பேட்டை வழியாகப் போனால் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலை விட்டுவிடாதீர்கள், செம்புறைக்கல்லில் விரல் அளவுக்கு ராமாயணம் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டும், மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். யாராவது படகில் கூட்டிப் போகிறேன் என்றால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் செத்துப்போனது ஞாபகம் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், தொப்பி. பழைய செருப்பு போதும்.

முகத்துவாரம்:
ஐயா, வழி யார் கேட்டது?

ரிட்டையர்டு கார்டு:
நீங்கள் கேட்கவில்லை. படிக்கிறவர்கள் நாளைக்குக் கேட்பார்கள்.

ஓலைப்பெட்டி:
நான் அந்த ஊர்தான். இப்போது வேலைக்காகத் திருவொற்றியூரில் இருக்கிறேன். எங்கள் அம்மா பனையோலைப் பெட்டி முடைகிறவர். தெருவில் பாதி வீட்டில் அதுதான். முடைந்து முடைந்து அவருக்குக் கட்டைவிரல் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் எடுக்காது. மூன்றாவது தடவையும் சிவப்பு லைட் எரிந்தபோது, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நான் இல்லையாம்டி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நீங்கள் யாரும் பெட்டி வாங்கியதாக எழுதவில்லை, அதனால் சொன்னேன்.
அப்புறம் புழுதிச்சாலை அண்ணா, அந்தக் கேள்வி அந்தப் பையனுடையது மட்டும் இல்லை. சின்ன வயசில் நாங்களும் கல்லறைக்கு வருகிறவர்களிடம் அதையேதான் கேட்போம், அவர்கள் திருதிருவென்று முழிப்பதைப் பார்க்க. ஒரே ஒரு தடவை, குடை பிடித்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கூட வந்தவர் எங்கள் கேள்வியைச் சொன்னதும், ஆமாம் என்று தலையாட்டினார். ஒரு கல்லைக் காட்டினார். எங்களுக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவர் கிளம்பும்வரை சத்தம் போடாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம்.