சாந்து தெரியாத சுவர்: வியட்நாம் சென்று வந்த சேலத்துக்காரர்களின் அனுபவங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து:

சேலத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கட்டட ஒப்பந்தப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். கடந்த தை மாதம் நானும் என் மனைவியும் திருச்சியிலிருந்து விமானம் ஏறி வியட்நாம் சென்று வந்தோம். பார்த்தவை பல என்றாலும், மீ சன் பள்ளத்தாக்கில் கழித்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

தா நாங் நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில், இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த பழைய சம்பா நாட்டின் மன்னர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை கோயில்களை எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பத்ரவர்மன் என்ற மன்னன் சிவனுக்குப் பத்ரேசுவரர் என்று பெயரிட்டுக் கட்டிய முதல் கோயில் மரத்தால் ஆனது. அது தீக்கிரையான பிறகு, 7ஆம் நூற்றாண்டில் சம்புவர்மன் புதிதாகக் கட்டினான். இன்று எஞ்சி நிற்பவை செங்கல் கோபுரங்கள். என் கண் சிற்பங்களைவிட அந்தச் செங்கல் மீதுதான் சென்றது. இரண்டு கற்களுக்கு நடுவே சாந்து இருப்பதே தெரியவில்லை. விரல் நகம் நுழையவும் இடமில்லை. மரப்பிசினால் ஒட்டினார்கள் என்று சிலரும், சுவரை எழுப்பிய பிறகு மொத்தமாகச் சுட்டார்கள் என்று சிலரும் கூறுவதாக வழிகாட்டி சொன்னார். கல்லோடு கல்லை உரசித் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. கரணை பிடித்த கொத்தனார்கள் இதைப் படித்தால் தங்கள் கருத்தைச் சொல்லட்டும். பிற்காலத்தில் பழுது பார்த்தபோது வைத்த புதுக் கற்களில் பாசியும் உப்பும் பூத்திருக்க, ஆயிரம் ஆண்டுப் பழங்கற்கள் சிவப்பு மாறாமல் இருப்பதைக் கண்டு, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் தரைமட்டமானது. குண்டு விழுந்த பள்ளங்களில் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. நம் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்புப் பணி செய்தபோது, 2020இல் வெளிப்பட்ட ஒற்றைக்கல் லிங்கத்தையும் கண்டோம். கையில் ஒரு பூவும் இல்லையே என்று வருந்திய என் மனைவி, தள்ளி நின்றே கும்பிட்டாள்.

அன்றிரவு தா நாங்கில், டிராகன் உருவில் அமைத்த டிராகன் பாலம் வாயிலிருந்து நெருப்பைக் கக்குவதையும் பார்த்தோம். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு ஏற்படவில்லை. ஆனால் அங்கே இளநீர் விற்ற அம்மாவை மறக்க முடியாது. 20,000 டாங் நோட்டு என்று நினைத்து, அதே நீல நிறச் சாயலில் இருக்கும் 5,00,000 டாங் நோட்டைக் கொடுத்துவிட்டு நடந்தேன். நம் பணத்தில் 1,500 ரூபாய்க்கு மேல். அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்து, என் பையிலிருந்து சரியான நோட்டை அவரே எடுத்துக்கொண்டார்.

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, அந்த நோட்டுக் குழப்பம் எங்களுக்கும் நேர்ந்தது. நாங்கள் சென்றது தா லாத். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய மலை நகரம் என்பதால், இறங்கியவுடன் நம் ஊர்க் குளிர்தான் நினைவுக்கு வந்தது. மலைச்சரிவு முழுவதும் பூச்செடிகளுக்கான பசுமைக் குடில்கள், இரவில் விளக்கேற்றி ஊரே மிதப்பது போலத் தெரிகின்றன. நான் சிறிய காப்பித் தோட்டக்காரன் என்பதால், அங்கொரு தோட்டக்காரரைத் தேடிச் சென்று, கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வழியாக ஒரு மணி நேரம் பேசினேன். அவருடைய செடிகள் வெட்ட வெயிலில் நின்றன. சில்வர் ஓக் நிழலில் காப்பியும், அதே மரத்தில் மிளகுக் கொடியும் இருக்கும் என் தோட்டத்தின் படத்தைக் காட்டியதும், நிழலில் எப்படிக் காய்க்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு ஃபின் என்னும் சிறு வடிகட்டியைத் தம்ளர் மேல் வைத்து, கெட்டிப்பாலில் சொட்டுச் சொட்டாக டிகாஷன் இறக்கிக் கொடுத்தார். நம் பித்தளை ஃபில்டரின் தம்பி என்றே சொல்லலாம். இனிப்பு மட்டும் எனக்கு அதிகம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

ஹோ சி மின் நகரில் பென் தான் சந்தைக்கு அருகில், தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சென்றேன். நம்மவர்கள் ஓரிருவராவது இருப்பார்கள் என்று எண்ணினேன். நான் சென்ற வேளையில் வியட்நாம் மக்களே நிறைந்திருந்தார்கள். கட்டுக்கட்டாக ஊதுபத்தி ஏற்றி, கருவறையின் பின்சுவரில் நெற்றியையும் உள்ளங்கைகளையும் பதித்து, அம்மனிடம் முணுமுணுப்பாகப் பேசினார்கள். அலுவலக உடையில் வந்திருந்த ஓர் இளம்பெண், நான் தயங்கி நிற்பதைக் கண்டு, என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்துக் காட்டினாள். கோட்டை மாரியம்மன் கோயில் குங்குமம் என் பையில் எப்போதும் இருக்கும். அதை அவளுக்குக் கொடுத்தேன். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டே சிறிது இட்டுக்கொண்டு, மீதியை அந்தக் காகிதத்தோடு மடித்துக் கைப்பேசி உறைக்குள் செருகியபடி, மெட்ரோ நிலையத்தை நோக்கி விரைந்தாள்.