மாவோரி, மங்கோலியம்: ஒப்பிட்டு எழுத எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி (மொழியியல் மாணவன்):

வணக்கம். மொழியியல் முதுகலை படிக்கிறேன். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். நான் மாவோரியையும் மங்கோலியத்தையும் எடுத்திருக்கிறேன். ஒன்று கடலோடிகளின் மொழி, மற்றது புல்வெளியில் மேய்ச்சல் வாழ்க்கை வாழ்ந்தவர்களின் மொழி. அந்தத் தூரம்தான் ஈர்த்தது. ஆனால் இலக்கண நூல்களில் இரண்டுமே ஒட்டுகளின் பட்டியலாகத்தான் கிடைக்கின்றன. பேசும்போது வாக்கியம் எப்படி அமைகிறது என்பது பிடிபடவில்லை. பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில் (ஹாமில்டனிலிருந்து):

தம்பி, நான் நியூசிலாந்தில் ஹாமில்டனில் இருக்கிறேன். மாவோரியில் இந்த ஊருக்குக் கிரிகிரிரோவா என்று பெயர். மாலை வகுப்பில் மாவோரி படிக்கிறேன். மங்கோலியம் தெரியாது, அதனால் என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒலி. மெய் பத்து, உயிர் ஐந்து, ஒவ்வொன்றிலும் குறிலும் நெடிலும் உண்டு. எந்த அசையும் உயிரில்தான் முடியும். குறில் நெடிலைப் பிரித்துக் கேட்பது நமக்குப் பிறவியிலேயே வருகிறது. ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த என் வகுப்புத் தோழர்கள் அதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

வாக்கியம் வேறு கதை. 'நான் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதை 'கெய் தே பானுயி அவு இ தே புக்கபுக்கா' என்பார்கள். செயல் நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் 'கெய் தே' முதலில் வந்துவிடும். அப்புறம் படித்தல், அப்புறம் நான், கடைசியில்தான் புத்தகம். நாம் சொல்லின் வாலில் கட்டுகிற வேலையை அவர்கள் தனித்தனிச் சிறு சொற்களாக முன்னால் வைக்கிறார்கள். அதனால் மாவோரியை ஒட்டுகளின் மொழி என்று தொடங்காதே. ஒட்டுகள் இருக்கின்றன, ஆனால் குறைவு.

என்னை விட்டால் உடைமையைப் பற்றி மட்டுமே கட்டுரை எழுதுவேன். 'என்னுடைய' என்பதற்கு இரண்டு வடிவம். என் பிள்ளை என்றால் 'தாக்கு', என் அப்பா என்றால் 'தோக்கு'. பிள்ளையும் சாப்பாடும் நான் பொறுப்பேற்று நடத்துபவை. பெற்றோர், வீடு, உடம்பு, உடுத்தும் துணி எல்லாம் என்னைத் தாங்குபவை. படகும் அந்த இரண்டாவது வகைதான். 1814-ல் சாமுவேல் மார்ஸ்டன் என்ற கிறிஸ்தவப் போதகர் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கும்வரை இந்த நாட்டில் குதிரையே கிடையாது. புதிதாக வந்த அந்த மிருகத்தை எந்த வகையில் சேர்ப்பது? ஏறிப் போகிற ஒன்று என்பதால் படகின் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். நாய் 'தாக்கு', குதிரை 'தோக்கு'. ஓர் இலக்கணம் உயிரோடு யோசிப்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் மனதில் வை. என் வகுப்பில் பாதிப் பேர் மாவோரிகளே. பள்ளியில் தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள். 1982-ல் மொழிக்கூடு என்று பொருள்படும் கோஹாங்கா ரேயோ மழலையர் பள்ளிகள் தொடங்கின, 1987-ல் மாவோரி சட்டப்படி ஆட்சிமொழியானது. அப்படியும் பாட்டியின் மொழியைப் பெரியவர்களான பிறகு பாடமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது எனக்குப் பெரிய விஷயம்.

பதில் (உலான்பாத்தரில் வேலை பார்த்தவன்):

மங்கோலியப் பக்கம் நான் வருகிறேன். கட்டுமான வேலைக்காகப் போய், சந்தையிலும் வேலைத்தளத்திலும் கற்றுக்கொண்டது. அக்கா சொன்ன அதே வாக்கியம்: 'பி நோம் உன்ஷிஜ் பைன'. பி நான், நோம் புத்தகம், உன்ஷிஜ் படித்து, பைன இருக்கிறேன். வரிசையில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். வினையெச்சம் போட்டு 'இரு' சேர்ப்பது நம் வழக்கமே. ஒரே வித்தியாசம், நான், நீ, அவன் யாராக இருந்தாலும் 'பைன'தான். இதை வைத்துத் தமிழுக்கு உறவு என்று யாரும் கிளம்ப வேண்டாம். வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் பல இப்படித்தான்.

வேற்றுமை உருபும் பின்னால் வரும். ஆனால் சொல்லிலுள்ள உயிருக்கு ஏற்ப உருபின் உயிர் மாறும். வீட்டிலிருந்து 'கெரேஸ்', புத்தகத்திலிருந்து 'நோமோஸ்', அண்ணனிடமிருந்து 'அஹாஸ்'. பேசும்போது முதல் அசைக்குப் பிறகு குறில்களை விழுங்கிவிடுவார்கள், மெய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எனக்கு இலக்கணம் சீக்கிரம் வந்தது, காது பழகத்தான் நாளானது.

எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். மேலிருந்து கீழாக எழுதும் பழைய எழுத்தை விட்டு 1940-களில் ரஷ்ய எழுத்துக்கு மாறினார்கள். சீனாவின் உள்மங்கோலியாவில் பழையதே தொடர்ந்தது. இப்போது 2025 முதல் மங்கோலிய அரசு ஆவணங்கள் இரண்டு எழுத்திலும் வர வேண்டும் என்று சட்டம்.

பதில் (ஈப்போ வாசகர்):

மாவோரி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலாய் தெரிந்த எங்களுக்குப் பாதிச் சொற்கள் தூரத்துச் சொந்தம்போல் தெரியும். கண் இங்கே மாத்தா, அங்கேயும் மாத்தா. ஐந்து லீமா, அங்கே ரிமா. வானம் லாங்ஙிட், அங்கே ரங்கி. குடிப்பது இங்கே மீனும், அங்கே வெறும் 'இனு'. ஆனால் செயப்பாட்டு வினையில் 'இனுமியா' என்று அந்த 'ம்' திரும்ப வந்துவிடும். சொல்லின் கடைசியில் உதிர்ந்த மெய் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. உடைமையை எடுக்கிறேன். உறவுப்பெயர்களைச் சேர்த்துப் பார்க்கலாமா? மங்கோலியத்தில் அண்ணன், தம்பி வேறுபாடு உண்டா?

பதில் (ஹாமில்டனிலிருந்து):

கண்டிப்பாகச் சேர்த்துக்கொள். மாவோரியில் பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதும் முக்கியம். எனக்கு அக்கா 'துவாக்கனா', தங்கை 'தெயினா'. அண்ணனோ தம்பியோ இருவருமே 'துங்ஙானே'. என் தம்பி பேசினால் அவனுடைய அண்ணன்தான் துவாக்கனா, நானோ 'துவாஹினே'. வயது வரிசை ஒரே பாலுக்குள் மட்டும்தான்.

பதில் (உலான்பாத்தரில் வேலை பார்த்தவன்):

அங்கே அண்ணன் 'அஹ்', அக்கா 'எக்ச்', இளையவர் ஆணோ பெண்ணோ 'தூ'. தெரியாத பெரியவர்களையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், கடையில் நானும் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். உங்களுக்குத் தேவையான வாக்கியங்களை எழுதி அனுப்புங்கள். அங்குள்ள நண்பர்களைப் பேசவைத்து ஒலிப்பதிவு வாங்கித் தருகிறேன். என் வாய்மொழியை மட்டும் நம்பிக் கட்டுரையில் போட வேண்டாம்.