உடம்பில் ஒரு எண், உள்ளே வேறு எண்: மொறிஸ் மைனர் சாமான் வாங்கிய கதைகள்

மைனர்காரன்:
அப்பா விட்டுப்போன 1098 சிசி மொறிஸ் மைனர் எங்களிடம் இருக்கிறது. போன வருடம் டிஸ்ரிபியூட்டரின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி தீப்பொறியை அனுப்புவது) ஷாப்ட் தேய்ந்து ஆடத் தொடங்கியது. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில், திருத்திப் பூட்டிய ஒன்றை வாங்கி வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கப் புதுசு மாதிரி. உடம்பில் 25டி4 என்றும், 40இல் தொடங்கும் ஐந்திலக்க லூக்காஸ் எண்ணும், பக்கத்தில் 1263 என்றும் குத்தியிருந்தது. 1263 என்றால் 1963ஆம் ஆண்டின் 12ஆவது கிழமையில் செய்தது. ஐந்திலக்க எண்ணும் என் பழையதும் அச்சொட்டாக ஒன்று. பிறகென்ன, பூட்டினேன்.

அன்றிலிருந்து நாக்கிங். தகரப் பேணிக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு வைத்தால் சத்தம் நிற்கும், ஆனால் இழுவை இல்லை. பெற்றோலைத் திட்டினேன், பிளக்கை மாற்றினேன். கடைசியில் பொயின்ட் பிளேட்டைக் கழற்றிவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு எடை, இரண்டு ஸ்பிரிங்; எஞ்சின் வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்தள்ளுவது இவைதான். அவற்றுக்கு நடுவே கேமின் அடித்தகட்டில் பாகைக் குறியோடு ஒரு எண். பழையதில் அதே இடத்தில் இருந்ததைவிட 4 கூட. அது ஆகக்கூட எவ்வளவு முன்தள்ளும் என்பதை டிஸ்ரிபியூட்டர் சுழலும் பாகையில் சொல்லும் எண். எஞ்சினின் பிரதான தண்டான கிராங்க் அதைப்போல் இரண்டு மடங்கு சுற்றும் என்பதால் எஞ்சினுக்கு 8 பாகை அதிகம்.

எஞ்சினின் உறிஞ்சலால் தீப்பொறியை முன்தள்ளும் வாக்குவம் டப்பாவையும் பார்த்தேன். அதில் மூன்று எண்கள் இருக்கும். 5-17-8 என்றிருந்தால், 5 அங்குல பாதரச உறிஞ்சலில் இழுக்கத் தொடங்கி, 17இல் முடித்து, 8 பாகை முன்தள்ளும். அதுவும் என் பழையதோடு சேரவில்லை. மூன்று கார்களின் உறுப்பை ஒரே கூட்டுக்குள் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள்!

லேத்துக்காரர்:
தம்பி, கடைக்காரரே அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். அவரும் ஒருவரிடம் வாங்கியதுதானே.

நான் யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவன். 90களில் பெற்றோல் தடை இருந்தபோது இங்கே மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். பிறகு பேரிங் எப்படித் தாங்கும்? கிராங்கை 10 தவ், 20 தவ் என்று சாணை பிடித்தபடியே இருப்போம். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. 40 தவ் வரை போன கிராங்குகளை நானே பிடித்திருக்கிறேன்.

ஆகவே வடக்கில் ஓடிய எஞ்சின் என்றால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பேரிங் ஷெல்லின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், கிராங்கை எத்தனை தவ் தேய்த்தது என்று 010, 020 என இருக்கும். பிஸ்டன் தலையிலும் உண்டு, அங்கே சிலிண்டரை எத்தனை தவ் பெருப்பித்தது என்று சொல்லும். கரி மூடியிருக்கும், மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தால் தெரியும். அரதப்பழசான புளொக்கில் ஸ்டாண்டர்ட், அதாவது முதல் அளவு, பிஸ்டன் இருந்தால் சந்தோசப்பட வேண்டாம். சிலிண்டரின் மேல்விளிம்பில் மெல்லிய வளையக் கோடு தெரிந்தால் சிலீவ் (தேய்ந்த சிலிண்டருக்குள் இறுக்கும் புதுக் குழாய்) போட்டது.

லண்டனிலிருந்து:
எனக்கு இது தலைகீழாக நடந்தது. இங்கே மாமா வைத்திருந்த மைனரின் எஞ்சின் எண் 10எம்ஏ என்று தொடங்கவேண்டும், பதிவுப் புத்தகத்திலும் அப்படித்தான். எஞ்சினிலோ 48ஜி என்று தொடங்கும் தகடு. களவு எஞ்சினோ என்று மாமி பயந்தே போனார். நான் கிறீஸைச் சுரண்டினேன், அடியில் தங்கநிறப் பெயின்ட். மொறிஸைச் செய்த பிஎம்சி கம்பனியே பழையதை வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்த 'கோல்ட் சீல்' எஞ்சின் அது. யாரோ எண்ணைப் புத்தகத்தில் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். மாமாவைக் கேட்டால், "ஓம், எப்பவோ மாத்தினதுதான்" என்கிறார். இதை முதலே சொல்லியிருக்கலாம்.

மைனர்காரன்:
லேத்துக்கார அண்ணை, பழைய கேமையும் டப்பாவையும் இந்த உடம்புக்குள் மாற்றிப் பூட்டினேன், நாக்கிங் போய்விட்டது. கேஸ்கெட் மாற்றுவதற்கு நேற்று ஹெட்டைக் கழற்றினேன். கழற்றிய கையோடு நீங்கள் சொன்னபடி பிஸ்டன் தலைகளைத் தேய்த்தேன். முதல் மூன்றிலும் 020. நாலாவதில் 040.