45 வயதுக்கு மேல் எடைப்பயிற்சி: வீடா, ஜிம்மா?

வணக்கம் நண்பர்களே. தசை குறையாமல் இருக்க வாரம் 2 நாளாவது எடைப்பயிற்சி வேண்டும். அதை வீட்டிலேயே தொடரலாமா, ஜிம்மில் சேரலாமா? முடிவெடுக்க உதவுங்கள்.

வீட்டில் இருப்பது 10 கிலோ டம்பெல் ஒரு ஜோடி, ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை). நெஞ்சுக்குப் புஷ்-அப் போதும். சிக்கல் காலும் முதுகும்தான். டம்பெல்லோடு ஸ்குவாட் (குந்தி எழுவது) 20 தடவை சுலபமாக வந்துவிட்டால் பாரம் கூடியாக வேண்டும். 3 விநாடி எடுத்து மெதுவாக இறங்குவது கொஞ்ச காலம் கைகொடுக்கும். ஒற்றைக்காலுக்கு மாறினால் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கவனிக்க வேண்டும், சாய்ந்தால் வலி வரலாம். முதுகுக்குப் பேண்ட் இழுக்கும்போது தொடக்கத்தில் தளர்வு, கடைசியில்தான் இறுக்கம். ஜிம்மில் கப்பி வழியாக எடையை இழுக்கும் கேபிள் மெஷினில் கிட்டத்தட்ட முழுத் தூரமும் ஒரே பாரம்.

50ஐ நெருங்கியவர்கள் வீட்டில் முதுகுக்கு என்ன செய்கிறீர்கள்? முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் லெக் பிரஸ்ஸில் (காலால் எடையைத் தள்ளும் மெஷின்) முட்டியை எவ்வளவு மடக்குகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.