கொலை முயற்சிப் பிரிவு 109 சேர்த்ததால் குற்றப்பத்திரிகைக் கெடு 60 நாள் 90 ஆகுமா? கட்டாயப் பிணைக்கு (கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் உரிமையாகக் கிடைக்கும் ஜாமீன்) உதவி தேவை

சிவகங்கை மாவட்டம். மணல் லாரிகளை மறித்த ஊர்க்காரர்கள் 9 பேர் இன்னும் சிறையில். முதலில் போட்டவை பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 189(2) சட்டவிரோதக் கூட்டம், 126(2) வழிமறிப்பு, 132 அரசு ஊழியரைத் தாக்கித் தடுத்தல். காவலர் மேல் கல் எறிந்ததாக ரிமாண்டுக்கு முன் 109(1)-ஐயும் சேர்த்தார்கள். அதே நாளில் லாரித் தரப்பு அடித்ததில் ஒருவருக்குக் கை முறிந்தது. அந்தப் புகாருக்கு இன்றுவரை வெறும் சி.எஸ்.ஆர். ரசீதுதான் (புகார் பெற்றதற்கான சீட்டு), எஃப்.ஐ.ஆர். இல்லை. ஊர் கொதிப்பது நியாயம்.

செஷன்ஸில் ஜாமீன் தள்ளுபடி. எங்கள் புகாரை பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிறகு மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-ல் பிரமாணப் பத்திரத்தோடு மனு கொடுத்தாயிற்று, நிலுவை. ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ணி (2023 கபில் வாத்வான் தீர்ப்பு), 61-ஆம் நாள் காலையிலேயே 187(3)-ல் கட்டாயப் பிணை மனு போட்டோம். குற்றப்பத்திரிகை அதுவரை வரவில்லை. "109 என்றால் 90 நாள்" என்று திருப்பிவிட்டார்கள்.

காவலரின் ஏ.ஆர். (மருத்துவமனை விபத்துப் பதிவேடு) நகலில் வெளிக்காயம் இல்லை. காயமில்லாவிட்டால் 109(1)-க்கு உச்சம் 10 ஆண்டு, ஆயுள் கிடையாது. மரணமோ ஆயுளோ விதிக்க முடியாத குற்றமானால், குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டாக இருந்தால்தான் 90 நாள் என்றது ராகேஷ் குமார் பால் தீர்ப்பு (2017). அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2)-க்கு. புதிய பிரிவில் சொற்கள் மாறியதை அரசுத் தரப்பு பிடித்துக்கொள்கிறது.

காயமில்லாத 109(1)-க்கு 60 நாள்தான் என்று பி.என்.எஸ்.எஸ். வந்தபின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவு யாரிடமாவது இருக்கிறதா?