மகனுக்குத் தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா?

பாசிர்கூடாங் அப்பா:
வணக்கம். மகனை முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். மலாய்வழித் தேசியப் பள்ளி நடக்கிற தூரம், தமிழ்ப்பள்ளிக்கு வேன் பிடிக்க வேண்டும். வேன் காசு பிரச்சினை இல்லை. என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பர் நல்ல மனதோடுதான் கேட்டார்: "ஏழு வயசிலேயே நீங்க ஒரு பள்ளி, நாங்க ஒரு பள்ளின்னா பிள்ளைங்க எப்பதான் பழகுவாங்க?" எனக்குப் பதில் வரவில்லை. மலேசியா போலப் பல இனம் வாழும் நாட்டுக்கு எது நல்லது? அவரவர் மொழியோடு வளர்வதா, எல்லாரும் ஒரே பள்ளியில் கலந்துவிடுவதா?

குளுவாங் டீச்சர்:
தம்பி, நான் தமிழ்ப்பள்ளியில் மலாய்மொழி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் நண்பர் கேட்டதை 1951இல், ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த பார்ன்ஸ் கல்வி அறிக்கையே கேட்டுவிட்டது. தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் நடக்கும் தேசியப் பள்ளி போதும் என்றார்கள். சீனர்களும் நம்மவர்களும் ஏற்கவில்லை. 1956இல் ரசாக் கல்வி அறிக்கை சமரசம் செய்தது: ஆரம்பப்பள்ளி அவரவர் மொழியில் நடக்கலாம், பாடத்திட்டம் பொது, மலாய் கட்டாயம். இன்றும் ஆறாம் ஆண்டு முடித்த நம் பிள்ளைகள் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குத்தானே போகிறார்கள்? அங்கே எல்லா இனமும் உண்டு.

ஆனால் உங்கள் நண்பரின் கவலை நியாயமானது. முதலாம் படிவத்துக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்புக்குப் போன என் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மலாய்க் கட்டுரையில் நல்ல புள்ளி வாங்கிய பையன், கேண்டீன் வரிசையில் மலாய்ப் பையன் கடகடவென்று பேசினால் சிரித்துச் சமாளிப்பான். அது தமிழ்ப்பள்ளியில் படித்ததால் வந்த குறை இல்லை. அதுவரை அவனோடு பந்து விளையாட ஒரு மலாய்க்காரப் பையன் இல்லை, அவ்வளவுதான். சுபாங் ஜெயா யூ.எஸ்.ஜே. 15இல் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வகுப்பு தனி, கேண்டீனும் திடலும் பொது. நாடு முழுக்க அப்படி வந்திருக்க வேண்டும். மொழி கரைந்துவிடும் என்று சீனக் கல்வி அமைப்புகள் எதிர்த்தன. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

தமிழ்ப்பள்ளியில் போடுங்கள். சாயந்திரம் உங்கள் தாமான் (குடியிருப்பு) திடலுக்கு அனுப்புங்கள்.

இரண்டு பிள்ளைக்காரி:
தேசியப் பள்ளியிலும் 15 பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். ஆசிரியர் வரவே இல்லை. பெரியவள் இப்போது தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். ஆனால் கூச்சமில்லாமல் எல்லாரோடும் பழகுகிறாள், அதையும் சொல்ல வேண்டும்.

உட்லண்ட்ஸ் வாசி:
பாலத்துக்கு இந்தப் பக்கம் நடந்ததையும் கேளுங்கள் அண்ணா. சிங்கப்பூரில் 1987இலிருந்து எல்லாப் பள்ளியும் ஆங்கில வழி, தமிழ் ஒரு பாடம். 1989இலிருந்து வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) புளோக்குகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. கலந்து வாழ்கிறோம், அதில் எனக்கு மனநிறைவுதான். என் மகளுக்கு உயிர்த்தோழி எதிர்வீட்டு மலாய்ப் பெண். இரண்டு பேரும் பேசுவது ஆங்கிலம். என் அம்மாவிடம் மகள் பேசுவதும் ஆங்கிலம்தான்! அம்மா என்னைப் பார்ப்பார், நான் தமிழில் எடுத்துச் சொல்வேன். தமிழ் இங்கே ஆட்சிமொழி. ஆனால் 2020 கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடுதான்.

குளுவாங் டீச்சர்:
உங்கள் அம்மாவை நினைத்தால் மனசு கேட்கவில்லை ஐயா. பெரும்பான்மை இனம் விழுங்கிவிடும் என்று நாம் பயப்படுகிறோம், அங்கே யாருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனால்தான் அந்த ஆறு வருஷத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன். தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு விரோதம் என்று போட்ட வழக்கை 2021இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டப்படி பள்ளி நிற்கும், பிள்ளைகளைச் சேர்ப்பது நம் பொறுப்பு. தம்பி, பதியப் போகும்போது பக்கத்துத் தேசியப் பள்ளியோடு சேர்ந்து விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்களா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்து நீங்களே அதை ஆரம்பியுங்கள்.